தம்பியின் கால் கழுவிய தண்ணீர்

வெந்நீர் வைப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது, ஐயா. சத்தம் போடத் தொடங்கியதும் இறக்கினால் குளிக்க ஆகும். சத்தம் அடங்கித் தளதளவென்று கொதிக்க விட்டால், அது வேறு காரியத்துக்கு.

என் தம்பிக்குச் சர்க்கரை வியாதி. பாதங்கள் இரண்டும் மரத்துவிட்டன. செருப்பு கழன்றாலும் தெரியாது. தெருக்கோடி வரை வெறுங்காலோடு போய்த் திரும்பி வந்து, "அண்ணே, என் செருப்பை நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு" என்பான்.

எங்கள் சபையில் நான் மூப்பன். ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது என் பொறுப்பு. முன்பு என் அப்பாவின் பொறுப்பு. ஜெபிக்கப் போன இடத்தில் தன்னையே மெச்சிக்கொண்ட பரிசேயனும், பாவி என்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனும் வரும் பகுதியை நான் வாசித்தால் பின்வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். ஒரு ஞாயிறு அதை வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

"அண்ணே, அந்த ஆயக்காரன் மாதிரி அடுத்த வாரம் நானும் எந்திரிச்சு நிக்கப்போறேன். சபைல சொல்லிடப்போறேன்."

"என்னத்தடா?"

"அக்கா மழையில நின்னு கதவைத் தட்டுனதை. நாம ரெண்டு பேரும் உள்ளயே உக்காந்திருந்ததை."

அக்கா வீட்டை மீறி ஒருவனோடு போனவள். நோயோடு திரும்பினாள். விடிந்தபோது வாசற்படியில் செத்துக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் நிம்மதியாகக் கண் மூடினாள் என்றுதான் சபைக்குச் சொல்லியிருந்தோம். அந்த ஒரு சொல்லில்தான் எங்கள் குடும்ப மானம் நின்றது.

"ஊர் சிரிக்கும்டா."

"சிரிக்கட்டுமே. கொஞ்சம் குனிஞ்சா உன் கழுத்து என்ன ஒடிஞ்சா போயிடும்?"

நான் கோபப்படவில்லை. ஆண்டவரே சீடர்களின் கால்களைக் கழுவியிருக்கிறார். அன்று மாலை தம்பியை நாற்காலியில் உட்காரவைத்து, அவன் முன் மண்டியிட்டேன். கொதித்த தண்ணீரை விளாவாமல் ஊற்றினேன்.

"என்னண்ணே, இப்படி ஆவி பறக்குது?"

"குளிருக்கு அப்படித்தான் தெரியும்."

அவன் அழுதுவிட்டான். "உன்னைப் போயி கல்லுன்னு நெனச்சேனே" என்றான்.

அடுத்த ஞாயிறு அவனால் ஆலயத்துக்கு நடக்க முடியாமல் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். கொப்புளங்களுக்குத் துணி சுற்றி, சர்க்கரைக்காரன் காலுக்கு இது சகஜம் என்றேன். நம்பினான். ஆனால் கொஞ்சம் ஆறியதும், "வர்ற வாரம் போயிடுறேண்ணே" என்றான். மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தேன். அவன் சொல்லும்போதெல்லாம் பற்றவைத்தேன்.

விரல்கள் கறுத்தன. டாக்டரைக் கூப்பிடவில்லை, வந்தால் கேள்வி கேட்பார். எட்டிப் பார்த்த சபையார் நான் மண்டியிட்டிருப்பதைக் கண்டார்கள். பாதிரியார் தாழ்மையைப் பற்றிப் பிரசங்கித்தபோது என்னைத்தான் உதாரணம் காட்டினார். நான் தலை குனிந்துகொண்டேன்.

கடைசியில் காய்ச்சல் கண்டு பிதற்றினான். "அண்ணே, கதவைத் திற. அக்கா நனையுறா." கதவு திறந்துதான் இருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்குமே என்று எழுந்து போய்ச் சாத்தினேன். நான் திரும்பி வந்தபோது மூச்சு இல்லை.

ஆம், என் தம்பியை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா: ஒருநாளும் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் காலைக் கழுவியதில்லை. மண்டியிட்டுத்தான் கழுவினேன். எங்கள் சபையில் அந்த அளவுக்குத் தன்னைத் தாழ்த்திக்கொண்டவர் வேறு யார் இருக்கிறார்கள்?