குழி மூடியில் வைரவர்

பிரதேச சபையில், கழிவுக்குழி இறைக்கும் பவுசருக்குக் காசு கட்டும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. திடீரென்று முன்னால் நின்ற தன் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார்:

"எங்கட குழிக்கு மேல வைரவர் இருக்கிறார் அக்கா."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"காணி வாங்கேக்க பழைய கக்கூஸ் மட்டும்தான் நிண்டது. பின்னுக்குப் பத்தைக்குள்ள நல்ல சீமெந்துத் தட்டு ஒண்டு கிடந்தது. முந்தின ஆக்கள் கும்பிட்ட இடமாக்கும் எண்டு வைரவர் சூலத்தை வைச்சிட்டம். நேற்று மேசன் வந்து பாத்தார். அதுதான் குழி மூடியாம்."

"அப்ப பவுசர் வேண்டாமெண்டு விடன்."

"குழி நிரம்பி றோட்டோரக் கழிவுநீர்க் கானுக்குள்ள ஓடுதக்கா. நிப்பாட்டாட்டி வழக்கெண்டு சபைக்காரர் சொல்லிப்போட்டினம்."

"ஐயரைக் கேட்டு வைரவரை வேப்பமரத்தடிக்கு மாத்து. இதுக்கு என்ன யோசினை?"

அந்தப் பெண் வரிசையை விட்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"மகளுக்கு இத்தினை வருசத்துக்குப் பிறகு பிள்ளை தங்கினது அங்க கேட்டுத்தான். இந்தக் கிழமை பிள்ளைப்பேறு. இப்பபோய் அவரை எப்பிடியக்கா எழுப்புறது?"

 பக்கத்து வீட்டுக்காரி காசைக் கட்டி முடித்ததும் உள்ளேயிருந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் முதல்ல கட்டுங்கோ."