ஒரே கல்யாணம், இரண்டு கதை

காரைக்குடியில் கிளம்பிய பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையார்பட்டி தாண்டியதும் இளையவள் சொன்னாள்:

"அந்தப் பேசும்படத்துல ஒரே கல்யாணத்தை ரெண்டு தடவை நடத்துறாக, அக்கா."

"படம் ஓட்டுறவன் தப்பாப் போட்டிருப்பான்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மூணாந்தடவை பாத்த பெறகுதான் புரிஞ்சுச்சு. மொதல்ல அண்ணன் கண்ணுல பட்டதைக் காட்டுறாக. தங்கச்சி சாப்பிடாமக் கோவிச்சுக்கிட்டுப் போறா. அடுத்தாப்புல தங்கச்சி கண்ணுல பட்டதை. அவ பந்திக்கிட்ட நிக்கிறா, ஒருத்தரும் கூப்பிடலை. இப்படியெல்லாம் யோசிக்க அந்தப் படம் எடுத்தவருக்கு எம்புட்டு மூளை இருக்கணும். அவுக முந்தி எடுத்த படத்துலயும் கடைசியில நடந்ததைத்தான் மொதல்ல காட்டுனாக. கொட்டகையே முழிச்சுச்சு."

"அதைப் பாத்துட்டா அண்ணன் வீட்டுக்குப் போறே?"

"ஆமா. எட்டு வருசமா அண்ணனோட பேசாம, என் பக்கத்தையே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன். அவுக பக்கம் என்ன நடந்துச்சுன்னு கேக்கவே இல்லை. நேத்தே வாரேன்னு காயிதம் போட்டிருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல், வர முடியலை."

"பதில் போட்டாகளா?"

"இல்லை."

"பேசலைன்னா என்ன செய்வே?"

"கேக்க வந்ததைக் கேட்டுட்டு, அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன்."

கீழச்சிவல்பட்டியில் அவள் மட்டும் இறங்கினாள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் எதிரே வந்து, அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். பஸ் நகரும்போது அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"நேத்தும் வந்து நின்னேன், ஆத்தா. கடைசி பஸ் போற வரைக்கும்."