தனித்து நிற்கும் பாடங்கள்

இந்த நாற்காலி கொஞ்சம் ஆடுகிறது, ஐயா. ஒரு அட்டையை மடித்து அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தால் நின்றுவிடும். ஆடுகிற பொருளைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. இருக்கட்டும், நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

எங்கள் நிறுவனம் துப்புரவு வேலைக்கு வருகிறவர்களுக்குப் போனிலேயே பாடம் நடத்துகிறது. ஆஸ்பத்திரி, தங்கும் விடுதி, ஆபீஸ் என்று யார் கேட்டாலும் அவர்களுக்கு ஏற்ற மாதிரி ஒரு கோர்ஸ் தருவோம். நான் பொறுப்புக்கு வந்தபோது ஒவ்வொரு கிளையும் தன் இஷ்டத்துக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தது. தரை துடைப்பதற்கே ஆளுக்கொரு பாடம். ஒருவர், "போன வாரம் சொன்னேனே, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பிப்பார். பார்க்கிறவள் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்திருப்பாள். இன்னொருவர், "மாடிப்படிக்குக் கீழ இருக்கிற அலமாரியைத் திறங்க" என்பார். கேட்கிறவளுடைய கட்டடத்தில் மாடியே இருக்காது.

அதனால்தான் எல்லாக் கிளைக்கும் ஒரே முறை, ஒரே சாஃப்ட்வேர் என்று கொண்டுவந்தேன். ஒரு பாடத்துக்கு ஒரு விஷயம். ஒரு பாடம் இன்னொரு பாடத்தின் விஷயத்தைப் பேசக் கூடாது. பேசினால் சாஃப்ட்வேர் அந்த வரியைச் சிவப்பாக்கும், பாடம் வெளியே போகாது. ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி தனியாக நிற்க வேண்டும், அப்போதுதான் எந்தச் சுவரிலும் வைக்கலாம் என்று சொல்லிச் சொல்லியே எனக்குச் 'செங்கல் அக்கா' என்று பெயர் விழுந்தது. பெயர் வைத்தவள் என் தம்பி பெண்டாட்டி.

அவளை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். அதற்கு முன்னால் வாளியும் கையுமாக நேரிலேயே வேலை சொல்லிக்கொடுத்தவள். வாய் கொஞ்சம் நீளம். அவள் மேஜையைச் சுற்றி எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். கிளைக்காரர்கள் எல்லோரையும் கூட்டி வைத்து நான் முறையை விளக்கி முடித்தபோது, கடைசி வரிசையிலிருந்து அவள் கேட்டாள்: "செங்கல் எல்லாம் அழகா இருக்கு அக்கா. நடுவுல பூசற சிமெண்டு எங்க?"

கூட்டமே சிரித்தது. எங்கள் முதலாளி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவையை ரசிக்கத் தெரியாதவள் இல்லை நான்.

பிறகு அவள் இரண்டு பாடம் எழுதினாள். ஒன்று, கழிப்பறைக்கு ஆசிட் ஊற்றிக் கழுவுவது. மற்றது ப்ளீச்சிங் கரைசல். இரண்டிலும் ஒவ்வொரு வரி சிவப்பானது. என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, இந்த வரிய எடுக்கச் சொல்லுது."

"எடுத்துடு."

"ஆசிட்டையும் ப்ளீச்சிங்கையும் ஒண்ணா சேர்க்காதீங்கன்னு எழுதியிருக்கேன்க்கா. சேர்ந்தா விஷப் புகை. கதவைச் சாத்திட்டு நின்னா ஆளே காலி. இதையா எடுக்கறது?"

"ஆசிட் பாடத்துல ப்ளீச்சிங்குக்கு என்ன வேலை?"

"அப்ப ப்ளீச்சிங் பாடத்துல மட்டும் விடுங்க."

"அங்க ஆசிட்டுக்கு என்ன வேலை?"

அவள் பக்கத்து மேஜைகளுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "மாமியார் வீட்டுலயும் இடமில்ல, அம்மா வீட்டுலயும் இடமில்லன்னா, பாவம், அந்த வரி எங்கதான்க்கா போகும்?"

பக்கத்து மேஜைகளில் மறுபடி சிரிப்பு. நான் இரண்டு வரிகளையும் அவள் கண் முன்னாலேயே அழித்தேன். அப்படியென்றால் பாடத்தில் தன் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். நேரே முதலாளியிடம்தான் போனாள். அவர் என்னைக் கூப்பிட்டு, "ஆபத்து ஒண்ணும் இல்லையே?" என்றார். "பாடத்துல இருக்கறபடி செஞ்சா இல்ல" என்றேன். பொய் இல்லை, ஐயா. தனித்தனியாக இரண்டு பாடமும் சுத்தமாக இருந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சாஃப்ட்வேர் தானாக ஒரு வரி சேர்க்கும்: 'வேலை முடியவில்லையா? அடுத்த பாடத்தைப் பாருங்கள்.' அடுத்தது எது என்பதைக் கோர்ஸைக் கோக்கிறவர் தீர்மானிப்பார். விடுதிகளுக்கான கோர்ஸைக் கோத்தது நான். ஆசிட்டுக்கு அடுத்து ப்ளீச்சிங்கை வைத்தேன். தெரியாமலா என்று கேட்பீர்கள். நான் படித்தது வேதியியல்.

முதலில் ஒரு விடுதி மேனேஜர் போன் செய்தார். "மேடம், ஒரு பொண்ணு பாத்ரூம்ல இருமி இருமி விழுந்துடுச்சு. நல்ல வேளை, கதவு திறந்திருந்துது." இப்போது எப்படி இருக்கிறாள் என்று அக்கறையாகத்தான் விசாரித்தேன். தேறிவிட்டாளாம். போனை வைத்துவிட்டு அந்தக் கோர்ஸைத் திறந்து பார்த்தேன். இரண்டு பாடங்களையும் இடம் மாற்றவில்லை. எழுதியவர் பெயர் காலியாக இருந்தது. பெயர் இல்லாத பாடம் முறைக்குப் பொருந்தாது. அதனால் இரண்டிலும் என் தம்பி பெண்டாட்டியின் பெயரைப் போட்டேன்.

அடுத்த முறை கதவு சாத்தியிருந்தது.

அந்தப் பெண்ணின் போட்டோவை நீங்கள் காட்டினீர்கள். வேலைக்குப் புதுசாம். கறை போகாவிட்டால் வேலை போய்விடும் என்று பயந்திருக்கிறாள். முதல் பாடத்தைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறாள். கறை போகவில்லை. அடுத்த பாடத்தைப் பார்த்து அதையும் அப்படியே செய்திருக்கிறாள். ஒரு சொல்லைக்கூடத் தவறவிடவில்லை. உடலை எடுத்தபோது பக்கத்தில் கிடந்த போன் திரையில் 'அருமை, பாடத்தை முடித்துவிட்டீர்கள்' என்று இருந்ததாம். எங்கள் பாடத்தை இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றியவர்கள் குறைவு.

நீங்கள் என் தம்பி பெண்டாட்டியை ஸ்டேஷனுக்குப் பிடித்து வந்தீர்கள். தம்பி என் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"அக்கா, அவ அந்த வரிய எழுதினது உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லுக்கா. உன் காலைப் பிடிக்கறேன்."

"எழுதியிருந்தா பாடத்துல இருந்திருக்குமேடா" என்றேன். பிள்ளைகளைப் பற்றி விசாரித்து அனுப்பினேன்.

இன்று நானாக ஏன் வந்தேன் என்கிறீர்கள். நேற்று உங்கள் மேலதிகாரி டிவியில் பேசினார். ஆளைக் குற்றம் சொல்லி என்ன பயன், இந்தப் பொது முறையே தப்பு, இப்படிப்பட்ட எச்சரிக்கைக்கு அதில் இடமே இல்லை, எல்லாக் கிளைகளிலும் அதை நிறுத்தச் சொல்லப்போகிறோம் என்றார். அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் சொல்லுங்கள். முறையில் இடம் இருந்தது, ஐயா.

இரண்டு பொருள் சேர்ந்தால் வரும் ஆபத்து தனி விஷயம். தனி விஷயத்துக்குத் தனிப் பாடம். ஆசிட்டுக்கும் ப்ளீச்சிங்குக்கும் நடுவில் வைக்க மூன்றாவதாக ஒரு பாடம். அவள் என் மேஜையை விட்டுப் போன அன்றைக்கே அதை எழுதி முடித்தேன். சின்னப் பாடம்தான், படமும் குரலும் சேர்த்து. ஒரு வரிகூடச் சிவப்பாகவில்லை. சாஃப்ட்வேரில் இன்னும் இருக்கிறது, திறந்து பாருங்கள். அதை எந்தக் கோர்ஸிலும் நான் சேர்க்கவில்லை.

அவளுக்காகத்தான் வைத்திருந்தேன். முதல் பெண் விழுந்த பிறகும் வைத்திருந்தேன். 'அக்கா, உங்க முறைதான் சரி, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க' என்று எல்லோர் முன்னாலும் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிஷமே சேர்த்திருப்பேன். அவள் கேட்கவில்லை. ஒருத்தியின் பிடிவாதம் ஓர் உயிரைக் குடித்துவிட்டது, ஐயா.