மானைக் காணாமல் மானை எண்ணியவருக்கு

செகந்திராபாத்தில் பிறந்து, இருபத்தொன்பது ஆண்டுகள் குனிந்த தலையோடு காடு நடந்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் ஆக்னஸ் மேடத்துக்கு, வனவிலங்குக் கணக்கெடுப்புப் பிரிவு ஊழியர்கள் வணக்கத்துடன் வாசித்தளிக்கும் மடல்.

மான் ஆளைக் கண்டால் ஓடிவிடும், புழுக்கை ஓடாது. ஒரு மான் நாளுக்கு எத்தனை முறை போடும், போட்டது எத்தனை நாள் கிடக்கும் என்று தெரிந்தால், கிடப்பதை எண்ணியே மான் எத்தனை என்று சொல்லிவிடலாம். ஆக்னஸ் மேடம் சொன்ன எண்ணை யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

இவ்வாண்டு பிப்ரவரியில், நகர எல்லைக் காட்டில் நானூற்றிருபது புள்ளிமான் என்று அறிக்கை கொடுத்தார். அங்குள்ள புல் இருநூற்றைம்பதுக்குத்தான் போதும். மிச்சம் நூற்றெழுபதை வலைபோட்டுப் பிடித்து வேறு காட்டுக்கு அனுப்ப உத்தரவு தயாரானது. வலையில் விழும் மான்களில் சில பயத்திலேயே செத்துப்போகும்.

அந்த வாரம் காவலர் அப்துல் காதர், தான் சாப்பாட்டுப் பையை மாட்டும் மரத்தடியைக் காட்டினார். "மேடம், இந்தப் புழுக்கைய உங்க கிறிஸ்மஸ் அன்னிக்கே பாத்தேன். இன்னும் அப்படியே கெடக்கு. கைக்கு?" என்றார்; அவர் பேசும் ஹைதராபாத் உருதுவில் ‘ஏன்’ என்று பொருள்.

புழுக்கை கிடக்கும் காலம் என்று கணக்கில் போட்டது நாற்பது நாள். கிறிஸ்துமஸ் கழிந்து ஐம்பத்தைந்து ஆகியிருந்தது. மேடம் அங்கேயே பழைய குறிப்பேட்டைப் புரட்டினார். நாற்பது என்பது மழைக்காலத்தில் எடுத்த எண். மழை கரைக்காத, வண்டு உருட்டாத மாதங்களுக்கும் பழக்கத்தில் அதையே போட்டிருந்தார்.

ஓய்வுக்கு நான்கு மாதமே பாக்கி. பேசாமல் இருந்திருந்தால் எவருக்கும் தெரிந்திராது. பிழை தன்னுடையது என்று அன்றே எழுதிக்கொடுத்து, சரிபார்க்க மூன்று மாதம் கேட்டார். மேலதிகாரி வாசு சிரித்துவிட்டார்.

"புழுக்கைக்கு மூணு மாசம் காவலா மேடம்?"

"மானுக்கு சார்."

நூறு புதுப் புழுக்கைக் குவியல்களின் பக்கத்தில் கொடி நட்டார். வாரம் இருமுறை போய்ப் பார்த்தார். நிழலில் கிடப்பது முதலில் உதிருமா, வெயிலில் கிடப்பதா, கறையான் எதைத் தொடும் என்றெல்லாம் குறித்துவைத்தார். சராசரி எண்பது நாள் வந்தது. நாள் இரட்டித்தால் மான் பாதி: இருநூற்றுப் பத்து. உத்தரவு ரத்தானது. வந்து இறங்கிய வலைகள் பிரிக்கப்படாமலே லாரியில் திரும்பின.

மேடம், நெடுங்காலம் நல்ல சுகத்தோடு இருங்கள். இம்மடலைச் சட்டமிட்டு உங்கள் கையில் தருகிறோம். பிழை உங்களுடையது என்று நீங்கள் எழுதிய கடிதத்தைச் சட்டமிட்டு எங்கள் சுவரில் மாட்டியிருக்கிறோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். புதிதாகச் சேர்பவர்கள் முதலில் அதைப் படிக்கட்டும்.

பிந்து, வினய், அப்துல் காதர்,
பிரிவின் ஏனைய ஊழியர்களும்
ஹைதராபாத்