விரல் காட்டினால் ஏற்றுவேன்

கல்யாண வீட்டில் மைக் செட் கட்ட வந்தவனை யாரும் பந்திக்குக் கூப்பிட மாட்டார்கள். அவனாகப் போய்க் கடைசிப் பந்தியில் உட்கார வேண்டும். இருபது வருடமாக அப்படித்தான் சாப்பிட்டேன், அதில் எனக்கு வருத்தம் கிடையாது. பாத்திமாவைப் பற்றிக் கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அதை இங்கிருந்துதான் தொடங்க முடியும்.

பாத்திமா மாதாவின் பெயரை வைத்த கிறிஸ்தவப் பெண் அவள், ஆவூர் மாதா கோவில் பாடகர் குழுவில் பாடியவள். ஒரு திருவிழாவில், ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே நின்ற என்னிடம் வந்து, "ஆத்மநாதண்ணே, எலை போட்டாச்சு. மொதப் பந்தியிலயே ஒக்காருங்க, வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கு அது சின்ன விஷயம். எனக்கு அப்படி இல்லை.

பிறகு அவளும் தம்பி பெலிக்ஸும் சிநேகிதன் வெற்றிசெல்வனும் சேர்ந்து 'கருவமுள்' என்று ஒரு ராக் பேண்டு ஆரம்பித்தார்கள். அவள் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவாள். நாலு வருடப் பயிற்சியும் கீரனூரில் என் கிடங்கில்தான் நடந்தது. பொம்பளைப் பிள்ளை இப்படிக் கத்தலாமா என்று கேட்டவர்களிடம் மல்லுக்கு நின்றதும் நான்தான். அங்கே எடுத்த வீடியோ ஒன்றை எந்தெந்த நாட்டுக்காரர்களோ பார்த்தார்கள். ஆகஸ்ட் மாதம் ஜெர்மனியில் ஒரு பெரிய இசை விழாவில் பாட அழைப்பு வந்தது. நான் பாஸ்போர்ட் எடுத்தேன். ஒரு ஸ்வெட்டரும் வாங்கி வைத்தேன்.

மார்ச்சில் அவளே வந்து சொன்னாள். "அண்ணே, சவுண்டுக்கு அங்கிட்டு அவங்க ஆளே இருக்காங்களாம். நீங்க எதுக்கு வீணா அலைஞ்சுக்கிட்டு? வாரப்ப ஒங்களுக்கு நல்ல சென்ட்டா வாங்கியாரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துவிட்டு, சரிம்மா என்றேன். மறுநாள் வேலையை ஆரம்பித்தேன்.

மேடையில் பாடுகிறவர்கள் தங்கள் குரலைத் தாங்களே கேட்பதற்குக் காதில் இயர்போன் செருகிக்கொள்வார்கள். அதில் எவ்வளவு சத்தம் போக வேண்டும் என்பது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் கையில் இருக்கிறது. காதைக் கெடுக்கும் அளவுக்குப் போகாமல் தடுத்து நிறுத்த லிமிட்டர் என்று ஒன்று உண்டு. கிடங்கில் பயிற்சியின்போது பாத்திமா செருகிக்கொள்ளும் இயர்போனுக்கு அதை எடுத்துவிட்டேன். வாரத்துக்கு ஓர் இம்மி ஏற்றினேன். ஒரேயடியாக ஏற்றியிருந்தால் கழற்றி எறிந்திருப்பாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், காது எம்மாத்திரம். மே மாதத்துக்குப் பிறகு எனக்கு அந்தச் சிரமமும் இல்லை. கேட்பது குறையக் குறைய, அவளே ஆள்காட்டி விரலை மேலே தூக்கிக் காட்டினாள். இன்னும் ஏற்றுங்கள் என்று அதற்கு அர்த்தம். ஏற்றினேன்.

ஜூனில் ஒருநாள், "காதுக்குள்ள ஒரே எரைச்சலா இருக்குண்ணே. டாக்டர்ட்ட காமிப்பமா?" என்று கேட்டாள்.

"காமிச்சா மூணு மாசத்துக்குப் பாடாதம்பாரு. அப்பறம் ஜெர்மனி எங்கிட்டுப் போறது? ஒடம்புச் சூடுதான். நல்லெண்ண தேச்சுக் குளி, சரியாப் போயிரும்."

தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான்.

விழாவைப் போனில் நேரடியாகக் காட்டினார்கள். இங்கே மாலை ஐந்தரை மணி, கிடங்கில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த நாட்டு சவுண்டு ஆள் நல்ல வேலைக்காரன், குறை சொல்ல மாட்டேன். காதுக்கு எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வைத்திருப்பான். அவளுக்கு அது போதாது. முதல் பாட்டிலேயே விரலைத் தூக்கினாள். மறுபடி தூக்கினாள். பிறகு பாதிப் பாட்டில் மிக்சர் இருக்கும் பக்கமாகத் திரும்பி, விரலைத் தூக்கியபடியே நின்று பாடினாள். சுருதி எங்கேயோ கிடந்தது. பெலிக்ஸ் டிரம்ஸை நிறுத்திய பிறகும் அவள் பாடிக்கொண்டிருந்தாள். கூட்டம் முதலில் கைதட்டியது, அப்புறம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவள் காதில் விழவில்லை. அவர்கள் முகங்களைப் பார்த்துத்தான் நிறுத்தினாள்.

வலது காது முழுக்கப் போய்விட்டதாம், இடதில் கால்வாசி இருக்கிறதாம். வாரா வாரம் எவ்வளவு ஏற்றினேன் என்பதைத் தேதி போட்டு மிக்சரிலேயே சேமித்து வைப்பது என் வழக்கம். பெலிக்ஸ் அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தான்.

நேற்று அவளும் தம்பியோடு என்னைப் பார்க்க வந்தாள். "ஏண்ணே?" என்று மட்டும் கேட்டாள். நிதானமாகச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்தாள், புரியாமல் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் எதையும் எடுத்துச் சொல்லவில்லை.

செய்தது நான்தான், தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். கூடவே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அவ்வளவு பெரிய மேடையில், அத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால், விரலைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் தேடியது என்னைத்தான்.