ஆறிய இரும்பின் ஆறாத பசி

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆலை இயக்குநர் அவர்களே, ஆய்வுக்கூடத்திலேயே தலை நரைத்த பெரியோர்களே, முன்வரிசையில் முகம் கவிழ்ந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு கரியிலும் புகையிலும் கலந்து நின்ற தோழர்களே, வணக்கம்.

நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவை எண்ணெயாக்கும் இரும்புத் தூளுக்கு இன்று விழா. வினையூக்கி என்று அதற்குப் பெயர். தான் தேயாமல் பிறரை வேலை வாங்குவது அதன் தொழில். சிரியுங்கள், ஆனால் மேடையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்; என் வேலை போய்விடும்.

எத்தனை தோல்வி! செம்பு சேர்த்தோம், பொடிந்தது. பொட்டாசியம் கூட்டினோம், கரி படிந்து, தூள் நிரப்பிய கலன் அடைத்துக்கொண்டது. கடைசியில் வென்றோம். என்ன விலை கொடுத்து வென்றோம்?

கலனுக்குள் வேலை செய்த இந்த இரும்பு, காற்றைக் கண்டாலே பற்றிக்கொள்ளும். சூடு ஆறினாலும் அதன் பசி ஆறாது. அதனால் நைட்ரஜனில் ஆறவைத்து, துளித்துளியாகக் காற்றைக் காட்டி, தூளின் மேல் துருத்தோல் படியவிட்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அதற்கு ஒரு முழு நாள் பிடிக்கும்.

கலனை நிறுத்தி ஆறவிட்ட அன்று, அதைத் திறந்து பார்க்க விருந்தினர் வந்திருந்தார்கள். எங்கள் ஃபிட்டர் அண்ணன் கலனின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"சில்லுனு இருக்கு தங்கச்சி."

"கையை நம்பாதீங்கண்ணே. இன்னும் காத்து காட்டல" என்றேன்.

தலைவர் அவர்களே, அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "ஆறின கஞ்சிக்கு என்னம்மா பயம்? திறப்பா!" என்றீர்கள். தடுக்க நான் கை நீட்டுவதற்குள் மூடி தளர்ந்தது. கறுத்துக் கிடந்த தூள் செக்கச்செவேலென்று கனன்றது. உத்தரவு போட்டவர் பின்னே நின்றார். உழைத்தவர் முன்னே நின்றார். தீ முன்னே நின்றவரைத்தான் தின்றது.

நேரமாகிவிட்டது என்று மணியடிக்கிறார் தலைவர். அன்றும் அவருக்கு நேரமாகிவிட்டது.

விசாரணை அறிக்கை 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்கிறது. இதோ, அண்ணனின் மனைவி, எங்கள் அண்ணி, என்னிடம் கேட்டார்: "அவரு கவனமில்லாத ஆளாம்மா? புள்ளைங்க கேக்குதுங்க, என்ன சொல்ல?"

கைதட்ட வேண்டாம் தோழர்களே, அண்ணிக்குப் பதில் சொல்கிறேன். இல்லை அண்ணி! அவர் கட்டளைக்குக் கட்டுப்பட்டார். கட்டளையிட்டவர் இந்த மேடையில் இருக்கிறார். கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன். எந்த மன்றத்திலும் வந்து சொல்வேன்.

எனக்குப் பதக்கம் வேண்டாம். அறிக்கையைத் திருத்துங்கள். திருத்தும்வரை அடுத்த கலனைத் திறக்க என் கையெழுத்து கிடைக்காது.

மணியை மீறிக் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. அண்ணி, உங்களுக்கு என் வணக்கம். பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.