கிளாரன்ஸ் அண்ணன் காய்ச்சுற கஞ்சி

மாடு அசை போடலைன்னா அன்னிக்கே தெரிஞ்சுடும், மனுஷன் அசை போடலைன்னா... அப்புறம் என்னமோ வரும்மா. எங்கப்பா சொல்றது. எனக்குப் பாதிதான் ஞாபகம். அவரே பாதிதான் சொன்னாரோ என்னமோ, சுரங்கத்துலேர்ந்து வந்தவருக்கு மீதிய சொல்றதுக்குள்ள இருமல் வந்துடும்.

உக்காரு சௌம்யாம்மா. கொட்டாய்க்கு அப்புறம் போலாம், மாடு எங்கேயும் ஓடிடாது. காபி குடி மொதல்ல.

தெரியும்மா. உங்க கம்பெனில கேக்குறாங்க. வர்த்தூர்ல உங்க ஈஸ்ட் பவுடர் போட்ட கொட்டாய்லல்லாம் பால் ஏறியிருக்கு, இந்த ஓஸ்வால்ட் கொட்டாய்ல மட்டும் ஏன் இறங்குதுன்னு பாத்துட்டு வான்னு அனுப்பியிருக்காங்க. பவுடர் மேல தப்பே இல்லம்மா. எழுதிக்கோ வேணும்னா. ரியாத் பக்கத்துல பெரிய பண்ணையில பாதி வயசைக் கழிச்சவன் நான். அங்க ஈஸ்ட் இல்லாம ஒரு மாட்டுக்கும் தீனி கிடையாது. அது பவுடரா என்ன, உசுரு. தூங்கிட்டிருக்கிற உசுரு. மாட்டு வயித்துக்குள்ள போய் முழிச்சுக்கும், புளிப்பை அடக்கும், தின்னதை செரிக்க வெக்கும். நீ படிச்சவ, உனக்கு நான் சொல்றேன் பாரு.

இல்லம்மா, திரும்பி வந்தது தப்புன்னு சொல்ல மாட்டேன். வந்தப்ப இந்தக் கடுகோடி தாண்டினா கண்ணுக்கெட்டுற வரைக்கும் புல்லு. இப்ப அதோ தெரியுதே, அந்த அபார்ட்மெண்ட் நீச்சல் குளம், அங்கதான் நான் பசும்புல் அறுத்துட்டிருந்தேன். புல்லு போச்சு. அப்புறம் என்ன, பீர் ஃபேக்டரிலேர்ந்து சக்கை வாங்கிப் போட்டோம். மாடுங்களுக்கு பீரு, எனக்கு மோராடான்னு எங்கண்ணன் கேப்பாரு. அதுவும் பத்தலைன்னா கல்யாண மண்டபத்துல மீந்த சோறு. பசுவுக்குப் போட்டா புண்ணியம்னு அவங்களே ஆட்டோல அனுப்பிடுவாங்க. ஒரு முகூர்த்தம் முடிஞ்சு வந்த சோத்தைத் தின்னுட்டுதான் எங்க பசு டெய்சி போச்சு. வயிறெல்லாம் புளிச்சு, உப்பி, படுத்தது எழுந்திருக்கவே இல்ல. உன் பவுடர் போட ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு அப்ப.

ஆமா, பவுடர் போட்டுட்டிருக்கும்போதேதான். அதான் உனக்கும் புரியல, எனக்கும் அப்ப புரியல.

அந்தப் புகையா? அது எங்கண்ணன். கிளாரன்ஸ். மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சுறாரு.

மெதுவா பேசும்மா. அவருக்கு மூச்சுதான் கம்மி, காது நல்லா கேக்கும்.

நீ பாக்குற பார்வையிலயே தெரியுது, உனக்குப் புரிஞ்சுடுச்சு. ஆமா, கொதிக்கக் கொதிக்க. தவிடு, புண்ணாக்கு, கேழ்வரகு மாவு எல்லாம் ஒரே அண்டாவுல. கொதி வந்ததும் உன் பாக்கெட்டைக் கத்திரியால வெட்டிக் கொட்டுவாரு. கொட்டிட்டு நல்லா கிண்டுவாரு, கட்டி தட்டக்கூடாதாம். அந்த நேரத்துல நான் பால் ஊத்தப் போயிருப்பேன். போன மாசம் வண்டி பஞ்சர், பாதியில திரும்பி வந்தேன். அப்பதான் பாத்தேன்.

ஏன் காய்ச்சணும்னு கேக்குறியா. அவரு வாழ்நாள் பூரா தங்கவயல்ல சுரங்கத்துக்குள்ள இருந்தவரும்மா. விடியக்காலைல கட்டுன சோறு, பூமிக்கு அடியில மத்தியானம் திறந்தா சில்லுனு இருக்கும். ரிட்டயர் ஆகுற வரைக்கும் ஆறின சோறுதான். அதனால சொல்றாரு, டேய் ஓஸ்வால்ட், என் கையால எந்த உசுருக்கும் ஆறினதைப் போட மாட்டேண்டான்னு. இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?

சொல்லலாம். ஆற வெச்சுக் கலக்குங்கண்ணான்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். அடுத்த கேள்வி ஏண்டான்னு வரும். கொதியில அந்த ஈஸ்ட் செத்துடும்ணான்னு சொல்லணும். அவரு முட்டாள் இல்லம்மா. அப்ப டெய்சி, அப்படின்னு ஒரே ஒரு வார்த்தை கேப்பாரு. டெய்சி செத்தன்னிக்கு அது கழுத்தைக் கட்டிட்டு அழுதவரு. இந்தப் பவுடர்தாண்டா மத்ததுங்களைக் காப்பாத்துதுன்னு தெருவுல போறவங்களையெல்லாம் கூப்ட்டு சொல்லிட்டிருக்கறவரு.

திருட்டுத்தனமாவா? நினைச்சேன். நான் தனியா பச்சைத்தண்ணில கலக்கி வெச்சுடலாம்னு. அவரு கட்டிலே கொட்டாய்லதான் கிடக்கு. மாடு தும்மினாக்கூட எழுந்து உக்காந்துடுவாரு. சுரங்கம் மூடினதும் டிரங்க் பெட்டியோட இங்க வந்தப்ப எப்படி இருந்தாரு தெரியுமா? செவுத்தைப் பாத்து உக்காந்திருப்பாரு. கூப்ட்டா திரும்ப மாட்டாரு. இந்த அண்டாவைப் பத்த வெச்சதுலேர்ந்துதான் பேச்சு, சிரிப்பு, என்னைத் திட்டுறது எல்லாம். ஒரு தடவை அவருக்கு உடம்பு சரியில்லைன்னு நானே கஞ்சி வெச்சேன். மறுநாளே பழையபடி செவுத்தைப் பாத்து உக்காந்துட்டாரு.

அப்படியே உன் ஈஸ்ட் வேலை செஞ்சாலும் என்னம்மா. வயித்தை சரி பண்ணும், புல்லை எங்கேர்ந்து கொண்டு வரும்? நிலத்துக்காரரு ரெட்டி மார்ச்சுல காலி பண்ண சொல்லிட்டாரு, பில்டர் வந்து கயிறு கட்டி அளந்துட்டுப் போயிட்டான். ஆனேக்கல் மாட்டுத் தரகர் நாராயணசாமி போன வாரம் வந்து பாத்தாரு. இப்ப கறந்துட்டிருக்கு, இப்ப குடுத்தா கறவை மாடுன்னு வளக்குறவங்க கையில போகும். தள்ளிப் போட்டா பால் வத்திடும், அப்புறம் யாரு வாங்குவாங்கன்னு உனக்கே தெரியும், நான் வாயால சொல்ல மாட்டேன்னாரு. நியாயமான மனுஷன்.

சரி, காபி ஆறிடுச்சு பாரு. வா, கொட்டாய்க்குப் போலாம். உன்னைக் கண்டா அவருக்கு சந்தோஷம். டாக்டரம்மா, நான் கலக்குறது சரியான்னு கேப்பாரு. சரிதான்னு சொல்லு. பாக்கெட்டை எங்கிட்ட வேணாம், அவரு கையிலயே குடு. ரிப்போர்ட்ல தீனி சரியில்லன்னு எழுதிக்கோ, அது பொய்யும் இல்ல.

அண்ணனோட இருமலா? அது பழசு. சுரங்கத்துத் தூசி, நெஞ்சுக்குள்ள கல்லாட்டம் உக்காந்துடுச்சாம். ஆஸ்பத்திரில படத்தை வெளிச்சத்துல காட்டுனாங்க. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கலாம், அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்கன்னாரு டாக்டர். அண்ணனுக்குத் தெரியாது.

நாராயணசாமிகிட்ட பொங்கல் கழிச்சு வாங்கன்னு சொல்லிட்டேன்.